எங்கள் லீக்கை முடித்த கடிதம்

சின்னம்மாவின் மகன் கல்லூரியில் இருந்ததற்குக் காரணம் கரப்பந்து. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. சின்னம்மாவே கோயிலில் காண்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்லுவார். அவனுக்குப் படிப்பு ஏறாது என்றில்லை, உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லை. ஆனால் கல்லூரி அணியில் விளையாடுவதென்றால் ஒவ்வொரு தவணையும் பாதிக்கு மேற்பட்ட பாடங்களில் சித்தியடைய வேண்டும் என்று விதி இருந்தது. பயிற்றுநர் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் சீருடையைக் கையில் கொடுப்பார். அந்தச் சீருடைக்காக அவன் படித்தான். பிரெஞ்சு இலக்கியத்தைக்கூடப் படித்தான்.

அவன் கல்லூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில். நான் எங்கள் நகரம் இருக்கிற ஆற்றுத் தீவின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலக் கல்லூரியில் மூன்று வருடத் தொழில்நுட்பப் படிப்பு. இரண்டும் சின்னக் கல்லூரிகள். பெரிய கல்லூரிகளுக்கு ஒரு லீக் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேறொன்று. கூரை தாழ்வான ஜிம்களில், பந்து விளக்கில் பட்டால் நடுவர் விசில் ஊதுகிற லீக்.

நான் சேர்ந்த வருடம் அதில் ஏழு கல்லூரிகள். எனக்கு அது நன்றாக நினைவிருப்பதற்குக் காரணம், விளையாடியது மட்டுமல்ல, விளையாட்டு அலுவலகத்தில் எனக்குப் பகுதிநேர வேலையும் இருந்தது. சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு கல்லூரியின் பெயரும் ஒரு பிளாஸ்டிக் பட்டியில் செருகியிருக்கும். திங்கட்கிழமைகளில் வெற்றி தோல்விக்கு ஏற்ப அந்தப் பட்டிகளை மேலே கீழே மாற்றுவது என் வேலை. முதல் வருட முடிவில் ஒரு கல்லூரி புதிய ஜிம் கட்டிக்கொண்டு பெரிய லீக்குக்குப் போனது. அந்தப் பட்டியை உருவி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். இரண்டாவது வருடம் தொடங்கி ஒரு மாதத்தில் இன்னொரு கல்லூரி எங்களோடு விளையாட ஐந்து பேருடன் வந்தது. ஆறாவது ஆள் வரவேயில்லை. அந்த ஐவரும் பந்தைத் தட்டிப் பழகிவிட்டு, கை கொடுத்துவிட்டு, வந்த வான் வண்டியிலேயே திரும்பினார்கள். அந்தப் பட்டியும் இழுப்பறைக்குள் போனது.

மிச்சம் ஐந்து. ஐந்துக்குக் குறைந்தால் லீக் நடத்த அனுமதி கிடையாது. அந்த விதி எனக்குத் தெரியாதென்று நான் சொல்ல முடியாது. விதிப்புத்தகத்தை அந்த வருடம் புதிதாகத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எட்டு வயதில் இங்கே வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பன்னிரண்டு வயதில் வீட்டுக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் மறுமொழி எழுதத் தொடங்கினேன். பிறகு சின்னம்மா வீட்டுக்கும், கோயிலில் தெரிந்த நாலைந்து குடும்பங்களுக்கும். அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் வாசலில் மனு எழுதுகிறவர் எழுதி முடித்ததும் உரத்து வாசித்துக் காட்டுவாராம். அதன் முடிவு அப்பாவுக்குப் பாடம்: தங்கள் பொறுமைக்கு என்றும் கடமைப்பட்ட, கீழ்ப்படிவுள்ள ஊழியன். அது இல்லாத கடிதத்தைப் பெரிய கந்தோர் அதிகாரிகள் வாசிக்கமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. பிரெஞ்சில் கடிதம் முடிக்க வேறு முறை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் இரண்டையும் சேர்த்து நீளமான ஒரு பிரெஞ்சு வசனம் செய்தேன். இந்த மாகாணத்தில் வேறு ஒருவரும் அப்படிக் கடிதம் முடிப்பதில்லை. ஆனால் நான் எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி வந்தது. ஒருமுறை சின்னம்மாவின் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறியதற்கு எழுதிய கடிதத்தால் வீட்டுக்காரரே நேரில் வந்து திருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வரியை மாற்ற எனக்கும் மனம் வரவில்லை.

இரண்டாம் வருடம் பெப்ரவரியில் விளையாட்டு இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னார். நல்ல மனிதர். என் அம்மாவின் கட்லட்டை விரும்பிச் சாப்பிடுவார். பெரிய லீக்கில் ஓர் இடம் காலியாகிறது, நாங்கள் போகிறோம் என்றார். மற்ற நாலு கல்லூரிகளுக்கும் முறைப்படி அறிவிக்க வேண்டும், பிரெஞ்சில். அவர் பிரெஞ்சு பேசுவார், ஆனால் எழுதப் பயம். நீ நன்றாக எழுதுவாய் என்று கேள்விப்பட்டேன் என்றார். மார்ச் முடிவில் கடிதம் போகும்வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். வேறொரு கல்லூரியைத் தேடிப் பிடிப்பார்கள், எப்போதும் அப்படித்தான் நடக்கிறது என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டு நாள் எடுத்து எழுதினேன். மூன்று பந்திகள். நீண்ட காலத் தோழமை, கனத்த மனம், மாணவர்களின் எதிர்காலம். எங்கள் மாணவர்களின் எதிர்காலம். கடைசியில் கை தன்பாட்டில் அப்பாவின் அந்த வரியையும் அடித்தது. இயக்குநர் மெதுவாக வாசித்துவிட்டு, இந்த அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் போனதேயில்லை என்றார். அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கு நெஞ்சு நிமிர்ந்தபடி இருந்தது. ஒரு கல்லூரி என் வசனத்தில் பேசப்போகிறது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இரகசியம் என்பதால் சொல்லவில்லை.

கடிதம் போவதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் லொங்குய்யில் எங்களுக்கும் அவர்களுக்கும் கடைசி ஆட்டம். மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஆற்றுக்குக் கீழாகப் போனோம். சின்னம்மா முதல் வரிசையில் இருந்தார், மடியில் ஈயத்தாளில் சுற்றிய ரோல்ஸ். காலையில் அலுவலகக் கட்டடம் ஒன்றைத் துப்புரவாக்கிவிட்டு நேரே வந்திருந்தார். யார் அடித்தாலும் கை தட்டினார். அவருக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

அவன் வலைக்கு அந்தப் பக்கம் எனக்கு நேரே நின்றான். இரண்டு தரம் என் தலைக்கு மேலாக அடித்து இறக்கினான். மூன்றாவது தரம் தமிழில் சொல்லிவிட்டே அடித்தான்.

"அண்ணை, இது உங்கட இடது கைப் பக்கம் வருது. பேந்து சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ."

சொன்ன இடத்திலேயே விழுந்தது. அவர்கள் வென்றார்கள். முடிந்தபின் படிக்கட்டில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். பிரெஞ்சு இலக்கியத்தில் அறுபத்தொன்று எடுத்ததாகச் சொன்னான். சித்தியடைய அறுபது வேண்டும். ஒரு புள்ளி மிச்சம் பிடித்துவிட்டேன் என்று சிரித்தான். அடுத்த வருடம் தலைவராகப் போகிறானாம். பயிற்றுநர் சொல்லிவிட்டாராம், எல்லாப் பாடமும் சித்தியென்றால்.

"எல்லாம் பாஸ் பண்ணுவன், அண்ணை. அடுத்த வருசமும் நீங்கள் இஞ்ச வரத்தானே வேணும். வாங்கோ, இன்னும் நல்லா உரிச்சு அனுப்புறன்."

சின்னம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

"ஓம்," என்றேன். "வாறன்."

கடிதம் போனது. மிச்சமிருந்த நாலு கல்லூரிகளும் ஐந்தாவதைத் தேடின. ஆற்றோரமாகக் கிழக்கே ஐந்து மணித்தியாலம் தள்ளி இருந்த ஒரு கல்லூரி முதலில் சம்மதித்தது. பிறகு பனிக்காலத்தில் பிள்ளைகளை அந்தத் தெருவில் அனுப்பமாட்டோம் என்று பின்வாங்கியது. ஜூனில் லீக் முடிந்தது. புதிய லீக்குக்குப் புதிய பலகை வந்தது. பழையதிலிருந்த ஐந்து பட்டிகளையும் உருவினேன், எங்கள் பெயரையும் சேர்த்து.

அவன் தொலைபேசியில் சொன்னான், லீக் இல்லையாம் என்று. அப்படியா என்றேன், முதல் தரம் கேட்பவனைப்போல. சரி அண்ணை என்று வைத்துவிட்டான்.

செப்டெம்பரில் அவன் கல்லூரிக்குப் போனான். ஒக்டோபரில் பாதி நாள் போனான். நவம்பரில் போகவில்லை. சின்னம்மா என்னைக் கூப்பிட்டு, நீ படிச்சனி, நீ சொன்னாக் கேப்பான் என்றார். போனேன். அவன் சோபாவில் இருந்தான், மடியில் பந்து. நான் முக்கால் மணித்தியாலம் பேசினேன். அப்பாவின் கைகளைப் பற்றிச் சொன்னேன். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி இறக்குகிறவர். நீங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவர் எங்கள் இருவருக்கும் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். படிப்புத்தான் எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாம் என்றேன். அவன் இடைமறிக்காமல் கேட்டான். பந்தை ஒரு விரலில் சுழற்றப் பார்த்து, விழுத்தி, எடுத்து, திரும்பவும் சுழற்றினான். முடிந்ததும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றான்.

அந்த வருடம் பெரிய லீக்கில் நான் இரண்டு முறை களத்தில் இறங்கினேன். இரண்டும் சேர்வீஸ் போட. ஒன்று வலையில் பட்டு விழுந்தது. மற்ற நேரமெல்லாம் உயரமான பையன்களின் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தேன்.

ஜனவரியில் ஒரு பின்னேரம் அவன் தீவின் மேற்கே பியர்பொன்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தான். மெட்ரோ, ரயில், பஸ் என்று இரண்டு மணித்தியாலம் எடுத்து வந்திருந்தான். அப்பாவின் பண்டகசாலையில் ஆள் எடுக்கிறார்கள், அப்பாதான் சொன்னார், ஒரு விண்ணப்பக் கடிதம் வேண்டும் என்றான். இரண்டு நாளுக்கு முன்பே அப்பா அதை எனக்குச் சொல்லியிருந்தார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கணினிக்கு முன்னால் இருந்தோம். பெயர், விலாசம், வயது இருபது. படிப்பு என்ற இடத்தில், விட்டுப்போட்டன் எண்டு போடுங்கோ என்றான். தற்காலிகமாக நிறுத்தியிருப்பதாக எழுதினேன். உடல் பலம், நேரம் தவறாமை, குழுவாக வேலை செய்த அனுபவம். அந்த இடத்தில் கரப்பந்து என்று எழுதினேன். கடைசிப் பந்தி முடிந்தது. ஏனோ கையை எடுத்துவிட்டேன்.

"அந்தக் கடைசி வரியையும் போடுங்கோ அண்ணை," என்றான். "நல்லா வேலை செய்யிற வரி."

திரும்பிப் பார்த்தேன். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப தெரியும்?"

"ஜூனிலயே. லீக் ஏன் இல்லையெண்டு காட்ட உங்கட கல்லூரிக் கடிதத்தை ஜிம் கதவில ஒட்டியிருந்தவை. மேல எல்லாம் ஆரோ பெரியாள் எழுதின மாதிரித்தான் இருந்துது. கீழ வந்து பாத்தா, அம்மாவின்ர சுவர்க் கடிதத்தில இருந்த வரி."

அப்படியென்றால் நவம்பரில் நான் பேசிய முக்கால் மணித்தியாலமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பு ஜூனில் நான் சொன்ன அந்த அப்படியா என்பதும்.

"ஏன்டா என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்? வேற கல்லூரி பிடிப்பினம் எண்டு சொல்லியிருப்பியள்." எழும்பி ஜாக்கெட்டைப் போடத் தொடங்கினான். "ரோல்ஸ் திண்ட அண்டைக்குச் சொல்லியிருந்தாலும் நான் ஒண்டும் செய்யேலாது, அண்ணை. தெரியும். ஆனா நீங்கள் வாறன் எண்டு சொன்னனீங்கள்."

மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்தது. பிரெஞ்சில் அதற்கு எனக்கு நாலு விதமான வசனம் தெரியும். தமிழில் ஒன்றும் வரவில்லை.

"போடுங்கோ. பஸ்ஸை விட்டா அரை மணித்தியாலம் குளிருக்க நிக்கோணும்."

போட்டேன். அச்சடித்தேன். அவன் நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான்.

ஒரு கிழமையில் கூப்பிட்டார்கள். அப்பா தன்னுடைய மிச்சக் கையுறைச் சோடி ஒன்றை அவனுக்குக் கொடுத்தார்.

ஜூனில் எனக்குக் கல்லூரி முடிந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள் என்று அம்மா நாற்பது பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு வைத்தார். அவன் வேலை உடுப்போடு வந்து, மேசையின் அந்த முனையில் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தான். சின்னம்மா எல்லோருக்கும் கேட்கும்படி என் கடிதங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் ஈரம் போன கதை. பிறகு மகனுக்கு வேலை கிடைத்த கதை.

"இவன்ர கடிதம் போனா ஒரு அலுவல் நடக்காமல் விடாது. என்ர மகனுக்கு வேலை எடுத்துக் குடுத்ததும் அந்தக் கடிதந்தானே. என்னடா?"

அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஓம் அம்மா," என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, அந்தக் கறிச் சட்டியை இஞ்சால தள்ளுங்கோ."

தள்ளினேன்.