வெடி போட்டுத் தொடங்கிய படகுப் போட்டி

தாமிரபரணிப் படகுப் போட்டிக்குப் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொங்கல் கழிந்த சனிக்கிழமை போனோம். போக எனக்கு விருப்பமில்லை. என் மனைவி ஜெனியின் அண்ணன் ஜோசப்தான் இழுத்துக்கொண்டு போனார். அவர் அணியில் எட்டுப் பேர், எல்லோரும் பட்டாசுத் தொழிலாளர்கள். கண்மாயில் ஓடாத தண்ணீரில் துடுப்புப் போட்டுப் பழகியவர்கள்.

தாயில்பட்டியில் காலை ஐந்து மணிக்கு வேன் ஏறினோம். சாத்தூர், கோவில்பட்டி வழியாக 118 கிலோமீட்டர். வாடகை 5,500 ரூபாய். எட்டேகாலுக்கு ஆற்றங்கரை.

நான் மோட்டார் பழுது பார்க்கிறவன், அளக்காமல் இருக்க முடியாது. காலி பாட்டிலை மிதக்கவிட்டேன். கரையோரம் இருபது மீட்டர் போக 25 நொடி, நடு ஆற்றில் 14. போட்டி நீரோட்டத்தை எதிர்த்து 400 மீட்டர். "கரைய விட்டு விலகாதீக" என்றேன்.

வெடி வேண்டாம், கொடி அசைத்துத் தொடங்குங்கள் என்று ஜோசப் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். அமைப்பாளர் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். பத்து மணிக்கு வெடிதான் போட்டார்கள். மற்ற படகுகள் பாய்ந்தன. எங்கள் எட்டுப் பேரும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, புகை எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தார்கள். படகு பின்னால் போனது.

மைக்கில் ஒருவன், "ஏலே, வெடி செய்யுத ஊர்க்காரனே வெடிக்குப் பயந்தா எப்படிலே?" என்றான். கரையே சிரித்தது.

நான் அமைப்பாளரிடம் போனேன். "அண்ணாச்சி, கொடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீக."

"வெடி இல்லாம என்னவே போட்டி? சனங்களுக்கு அதானே கொண்டாட்டம்."

"எங்க ஊர்ல அந்தச் சத்தம் கேட்டா, யார் வீட்டு ஆளுன்னு ஓடிப் போய்ப் பார்ப்போம். போன சீசன்ல என் வீட்டு ஆளு. அந்தா படகுல நிக்கிறவரு அவ அண்ணன்."

 அவர் எங்களை அடுத்த சுற்றில் சேர்த்து, தன் தோள்துண்டை அசைத்துத் தொடங்கினார். நூறு மீட்டர் வரை நாங்கள்தான் முன்னால். வளைவில் நடு ஆற்றுக்கு விலகினார்கள், இழுப்பு முகப்பைத் திருப்பிவிட்டது. ஐந்தில் நான்காவது.

"ஆறு தள்ளிருச்சு மாப்ள" என்று ஜோசப் சிரித்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆறு எங்களுக்கு எதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு மறுபடியும் வெடி. கேட்டதற்கு, "ஒங்களுக்குத்தான் துண்டு அசைச்சாச்சே" என்றார்கள். நாங்கள் சலுகையா கேட்டோம்?

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு நிழலில் இடம் கிடைக்காது. துடுப்புப் போடுகிறவர்கள் கரையை ஒட்டியே போங்கள். கொடி என்று எழுதி வாங்கியிருந்தாலும், அந்தக் கொடியைக் கண்ணால் பார்த்த பிறகு படகில் ஏறுங்கள்.