புல்லுக்குள் போன பந்தைத் தேட வேண்டாம்

கோல்ஃப் விளையாட வரும் வெளிநாட்டவருக்கு எந்த மைதானம், எந்த விடுதி, எத்தனை மணிக்கு ஆட்டம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதை மட்டக்களப்பில் இருந்துகொண்டு செய்வது என் தலைவிதி.

இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கை தெருவோடு சேரும் பக்கம் ஒரு சத்தம். ‘டொக்.’ கொஞ்சம் பொறுத்து, ‘டொக்... டொக்.’ துவக்கு வெடிக்கிற சத்தம் தெரியும், தேங்காய் விழும் சத்தமும் தெரியும். இது இரண்டும் இல்லை. என் கணவர் இன்னும் வீடு வரவில்லை. வெளியே நின்று தட்டினால் சந்திக் காவலரணில் நிற்கிற ஆமிக்காரருக்குக் கேட்கும் என்று கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைத்திருக்கிறேன். பிள்ளை தூங்குகிறாள். பயத்தில் சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன். அடுத்தவர் விடுமுறைக்காக உழைக்கிற சம்பளக்காரர் நீங்களும் என்றால், உங்களுக்கு விளங்கும்.

அமைதியான இடம்

சமாதானம் என்று சொன்ன காலத்தில் ஒரு கொழும்புக் கம்பனி இங்கே கிளை திறந்தது. சண்டை திரும்பியதும் இந்தப் பக்கம் வருவார் இல்லை. கொன்வென்டில் படித்த என் ஆங்கிலம் வீணாகக் கூடாதென்று என்னைக் கோல்ஃப் வேலைக்கு மாற்றினார்கள். நான் அதுவரை ஒரு மைதானத்தையும் கண்ணால் கண்டதில்லை.

முதல் அழைப்பு, ஓய்வு பெற்ற ஒரு பல் வைத்தியர். மலைநாட்டு மைதானமா, கொழும்பு மைதானமா என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலால் ஷெல் போகத் தொடங்கியது. தொலைபேசியோடு மேசைக்குக் கீழே இறங்கிவிட்டேன். அவர் கேட்டார்: “பக்கத்தில் ஏதும் கட்டட வேலை நடக்கிறதா? எனக்குச் சத்தம் ஆகாது.”

பச்சைப் படம்

மலைநாட்டு மைதானத்தின் பெரிய படம் ஒன்றைச் சுவரில் ஒட்டினோம். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற கனகண்ணன் விளக்குமாற்றோடு அதன் முன்னால் நின்றார். அவருடைய வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். இரண்டு போகமாக அவர் அங்கே கால் வைக்கவில்லை. அந்தச் சனமெல்லாம் பள்ளிக்கூடங்களில் அகதியாகக் கிடக்கிறது.

“இது ஆர்ட வட்டை தங்கச்சி?” என்றார். வயல் இல்லை, பந்து அடிக்கிற இடம் என்றேன். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். “விதைக்கிறதும் இல்ல, மாடு மேய்க்கிறதும் இல்ல. நடந்து திரியவா இவ்வளவு நிலம்?”

என் ஆலோசனை

வருகிறவர்களுக்கு ஒரு பக்கத்தில் அறிவுரை எழுதச் சொன்னார்கள். தொப்பி, தண்ணீர், வெயிலுக்குக் களிம்பு எல்லாம் எழுதினேன். கடைசியில் கை தானாக எழுதியது: ‘பந்து புல்லுக்குள் அல்லது செடி பற்றைக்குள் போனால் தேடிப் போக வேண்டாம். விட்டுவிடவும்.’ மிதிவெடிக்குப் பயந்து, நான் வளர்ந்த ஊரில் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே சொல்வது அது. எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

கொழும்பு மேலாளர் தொலைபேசியில் கத்தினார். “என்னம்மா இது? பந்தைத் தேடத்தானே அந்த ஆட்கள் காசு கட்டி வாறாங்க!”

பரிசு

அந்தப் பல் வைத்தியர் வந்து விளையாடி, மனம் நிறைந்து, என் பிள்ளைக்கென்று ஒரு கோல்ஃப் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். கொழும்பு அலுவலகம் அதை இன்றைய பஸ்ஸில் அனுப்பியது. வேலை முடிந்து அதை எடுக்கத்தான் என் கணவர் பஸ் நிலையத்துக்குப் போனார்.

இதை எழுதும்போது சத்தம் நின்றுவிட்டது. சைக்கிள் உருளும் ஓசை. கதவு தள்ளுப்பட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடினேன்.

“நான்தான் புள்ள,” என்றார். சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. “சந்தியில மறிச்சிட்டானுகள். பந்தக் கண்டு முதல்ல குண்டெண்டு தூரப் போய் நிண்டானுகள். பிறகு ஒருத்தன் றோட்டில போட்டான், துள்ளிச்சி. பிறகு விடுவானுகளா? என்னக் குந்த வெச்சிப்போட்டு இவ்வளவு நேரமும் அதத் துள்ள விட்டு விளையாட்டு.”

“இப்ப எங்க அது?”

“பத்தைக்குள்ள போயிட்டு. என்ன எடுக்கச் சொன்னான் ஒருத்தன்.”

என் கை பிள்ளையை இறுக்கியது. “போனீங்களா?”

“எழும்பினன். அவனுகள்ற பெரியவன் கத்தினான்: ‘அதுக்குள்ள போகாத, பந்து போனாப் போகட்டும்!’”

கொழும்பில் ஒருவருக்கும் விளங்காத என் ஆலோசனையை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அந்தச் சந்தியில் துவக்கோடு நிற்கிறான் என்ற ஆறுதலோடு, கதவை உள்ளே தாழ் போட்டேன்.