இரண்டு கரட்டுப்பட்டிகள்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் என் அத்தை சகுந்தலாவும் திருச்சியில் ரயில் ஏறினோம். திண்டுக்கல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பயணம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு அத்தை நாற்பத்திரண்டு ஆண்டுகளாகப் போனதில்லை. மதுரைக்குப் போவதென்றாலும் புதுக்கோட்டை வழியாகச் சுற்றித்தான் போவார். வெயில், கூட்டம் என்று ஏதாவது காரணம் சொல்வார்.

அத்தை நிலவியல் படித்தவர். அவர் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். நிலத்தடி நீர் தேடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கிருந்து களத்துக்குப் போன முதல் பெண்ணும் அவரே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் ஆண்கள் போடும் பூட்ஸும் கையில் சுத்தியலுமாக ஜீப்பிலிருந்து இறங்குவார். ஊர்க்காரர்கள் அவருக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்களாம். "ஆபீசர் எப்பம்மா வருவாரு?" என்று அவரிடமே கேட்பார்களாம். அவர் பதில் சொல்லாமல் கல்லை உடைத்து, உடைந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கண்ணருகே வைத்துப் பார்ப்பார். சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி நின்றுவிடும்.

இப்படிப்பட்டவர் நாலைந்து வருடங்களிலேயே களத்தை விட்டு, வரைபடப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. கண்புரை அறுவைக்கு முந்தைய நாள், மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்.

"என்னால ஒரு ஆளு செத்துப்போயிட்டாருடி."

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கம் கரட்டுப்பட்டியில் மாயாண்டி என்ற விவசாயிக்கு அத்தை கிணற்றுக்கு இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் வெட்டி ஏமாந்த குடும்பம் அது. அறுபது அடி வரை வெட்டியும் தண்ணீர் வரவில்லை. மாயாண்டி அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார். "இன்னும் வெட்டுங்க, வரும்" என்று சொல்லி அனுப்பினார் அத்தை. அந்த வாரமே வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. சில மாதங்கள் கழித்து, அங்கே வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: கரட்டுப்பட்டிக் கிணற்றில் பாறைக்கு வெடி வைத்தபோது ஒரு ஆள் இறந்துவிட்டார். அத்தை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கிணற்றுக்கும் அவர் இடம் குறிக்கவில்லை.

"அந்த வீட்டுக்குப் போய் ஒரு தடவை தலையைக் காட்டிட்டு வரணும். திட்டினா வாங்கிக்கிறேன்" என்றார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

எட்டு நாற்பதுக்கு ரயில் திண்டுக்கல் வந்து சேர்ந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கட்டடங்களுக்கு மேலே மொட்டைப் பாறையும் அதன் மேல் கோட்டைச் சுவரும் தெரிந்தன. எங்கள் ஊரிலும் நடுவில் ஒரு பாறை உண்டு. ஆனால் அதில் ஏறிக் கும்பிட வருபவர்கள் அதிகம். இது யாரையும் எதிர்பார்க்காமல் சும்மா கிடக்கிறது. அத்தை புதுக் கண்ணால் அதைச் சிறிது நேரம் பார்த்தார். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசாமல் ஏறினோம்.

பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநரிடம், "கரட்டுப்பட்டிக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டேன்.

"எந்தக் கரட்டுப்பட்டி? அய்யலூருப் பக்கமா, ஆத்தூருப் பக்கமா?"

அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு இருக்கா?"

"இருக்கும்மா. வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல நாப்பது கிலோமீட்டரு. சொல்லாம ஏறிட்டு அப்பறம் என்னைய வைய்யாதீங்க."

அத்தை அங்கிருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அலுவலகத்தில் அவருக்குத் தெற்கு வட்டாரம்தான். வடக்கே வேறொருவர் பார்த்துக்கொண்டார். இன்னொரு கரட்டுப்பட்டி இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. "தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு, "ஒண்ணும் நெனைச்சுக்க வேண்டாம். முதல்ல போய்ப் பாப்போம்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கேவா என்று தெரியவில்லை.

ஒன்பதே கால் பேருந்து. நகரப் பேருந்தானதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சின்னாளப்பட்டி தாண்டியதும் இரு பக்கமும் தென்னந்தோப்பு. இடையிடையே பூந்தோட்டம், கத்திரி வயல். கிழக்கே சிறுமலை, உச்சியில் மேகம் கலையாமல் நின்றது. வழக்கமாக எங்கே போனாலும் சாலையோரப் பாறையைக் காட்டி ஏதாவது சொல்லிக்கொண்டே வருபவர் அத்தை. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்தரை மணிக்குக் கரட்டுப்பட்டி விலக்கில் இறங்கி மண்பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்தோம். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வயல்களுக்கு நடுவே, நேர்கோடு போட்டதுபோல் கருங்கல் உருண்டைகள் வரிசையாகக் கிடந்தன. "இதுதான்" என்றார் அத்தை. "மேல தெரியறது கொஞ்சம். பூமிக்குள்ள இது சுவர் மாதிரி இறங்கியிருக்கு. மேட்டிலேர்ந்து கசிஞ்சு வர்ற தண்ணி இதுல முட்டி நிக்கும். அதனாலதான் இதுக்கு மேல்பக்கம் வெட்டச் சொன்னேன்."

அந்த மேல்பக்கத்தில் சம்பங்கித் தோட்டம் இருந்தது. எழுபது வயதைத் தொடும் ஒரு அம்மாள் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். கருப்புக் குழாயிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை அந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்: "இது மாயாண்டி தோட்டமா?"

"ஆமா. அவரு இல்லையே."

அத்தையின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"வியாழக்கெழமையில அவரு எங்க வீட்ல இருக்காரு? விடியமுன்னயே அய்யலூருச் சந்தைக்கு ஆட்டை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. மத்தியானம் வந்துருவாரு. நீங்க யாரு தாயி?"

அத்தை வரப்பில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அந்த அம்மாள் பயந்துபோய்க் கூடையை இறக்கி வைத்தார். கிணற்றுக்கு இடம் குறித்துக் கொடுத்தது இவர்தான் என்று நான் சொன்னேன்.

"பூட்ஸு போட்ட அம்மாவா?" என்று பக்கத்தில் வந்து குந்தினார். அவர் மாயாண்டியின் மனைவி பொன்னுத்தாய். "எங்க தாயி போனீங்க இம்புட்டு வருசமா? எதுக்கு அழுகுறீங்க? செத்த நேரம் நெழல்ல வந்து உக்காருங்க."

மாயாண்டி ஒரு மணிக்குத்தான் வந்தார். விலை படியாத ஒரு கிடாயைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தையில் ஏமாந்த எரிச்சலோடு வந்தவர், அத்தையைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டார். ஆடு சம்பங்கிக்குள் இறங்கியது. பொன்னுத்தாய்தான் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"கோவத்துலதான போனீங்கம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "ஆபீஸுல நாலு பேரு முன்னால நான் கத்துனதுக்கு?"

"இல்லைய்யா. மாத்திட்டாங்க."

"அப்பிடித்தான் அங்கயும் சொன்னாங்க. நான் நம்பல. எழுபத்தோரு அடியில தண்ணி குபுகுபுன்னு வந்துச்சும்மா. கடப்பாறை, கூடை எல்லாத்தையும் உள்ளயே போட்டுட்டு ஏறி ஓடியாந்தோம். மொத வாழைத்தாரை உங்களுக்குத்தான் தூக்கிட்டு வந்தேன். இல்லைன்னுட்டாங்க. நம்ம வாயாலதான் அந்தம்மா போயிருச்சுன்னு இவகிட்ட எத்தனையோ நாளு சொல்லியிருக்கேன்."

அத்தை தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். மாயாண்டி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அது அய்யலூருக் கரட்டுப்பட்டியில நடந்தது. அவங்களாப் பாத்து வெட்டுன கெணறு. வெடி வெடிக்கலைன்னு ஒருத்தரு கிட்டப் போயிருக்காரு. அப்பப் பாத்து வெடிச்சிருச்சு. பாவம்."

"பேரு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எப்படியோ ஒரு வீட்டுல ஒரு ஆள் இல்லாமத்தான் போயிருக்கு" என்றார் அத்தை. பிறகு எழுந்து கிணற்றுக்குப் போனார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உள்ளே பார்த்தார். இருபது அடி ஆழத்தில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. வற்றியதே இல்லையா என்று கேட்டார்.

"ரெண்டு தடவை அடி தெரிஞ்சிருக்கு. பொய் சொல்லக் கூடாதுல்ல" என்றார் மாயாண்டி. "ஆனா மழை பேஞ்சா மொத ஊறுறது இதுதான்."

அந்தப் பதில் அத்தைக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கே முதலில் ஊறுகிறது, எந்தப் பக்கத்துச் சுவரில் கசிகிறது என்று அரை மணி நேரம் விசாரித்தார். கிணற்று மேட்டில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்தார். அவர் குரல் மாறியிருந்தது. களத்துக்குப் போன காலத்தில் இந்தக் குரலில்தான் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் மோரும் சாப்பிட்டோம். அத்தை இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றே முக்கால் பேருந்துக்கு இருவரும் விலக்கு வரை வந்து வழியனுப்பினார்கள்.

ஐந்தரை மணிக்குத் திண்டுக்கல்லில் ரயில். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு கல்லைக்கூட உடைச்சுப் பாக்காம பேர் சொல்ல மாட்டீங்க. இதை மட்டும் ஏன் அத்தை விசாரிக்கல? ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே?"

"விசாரிச்சா உறுதியாயிடும்னு பயம்டி" என்றார். "கேக்காத வரைக்கும் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருக்கும்ல. அதை வெச்சுக்கிட்டுதான் இத்தனை நாள் இருந்துட்டேன்."

எங்கள் ஊரில் காவிரி ஓடுகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அது எந்த ஆழத்திலிருந்து வருகிறது, யார் இடம் காட்டினார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கரட்டுப்பட்டியில் ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் அடி கணக்கு உண்டு. வெட்டியவர் பெயர் உண்டு. சில கிணறுகளுக்கு வேறு கணக்கும் உண்டு.

வையம்பட்டி வருவதற்குள் அத்தை தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது, தலை என் தோளில் சரிந்தது. எதிரில் இருந்த பெண்மணி இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அம்மா ரொம்பக் களைச்சுட்டாங்க போல. ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களா?"

"இல்லைங்க" என்றேன். "இங்க திண்டுக்கல்லேர்ந்துதான்."