பன்றி வரைக்கும் வந்த பிரசங்கம்

எங்கள் வீட்டில் திங்கட்கிழமை செய்த தப்புக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தண்டனை. அப்பா உபதேசியார். மம்சாபுரத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் ஓடு வேய்ந்த சர்ச். அதன் பக்கச் சுவரே எங்கள் வீட்டுச் சுவர். குருப்பட்டம் பெற்ற ஐயர் எப்போதாவது ராஜபாளையத்திலிருந்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் அப்பாவின் பிரசங்கம்தான். வாரம் முழுக்க வயலிலும் மில்லிலும் நின்று களைத்து வருகிற சனங்களுக்கு, கண் முன்னால் நடப்பதை வைத்துச் சொன்னால்தான் வசனம் உள்ளே இறங்கும் என்பது அவருடைய கொள்கை. அவர் கண் முன்னால் நடப்பவனாக எப்போதும் நான் இருந்தேன்.

அம்மா ஒளித்து வைத்த வெல்லத்தைத் தின்றுவிட்டு, தின்னவே இல்லை என்று சத்தியம் செய்தபோது என் கன்னத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த எறும்பு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடம் ஏறியது. மறைத்து வைத்தது எதுவும் வெளியே வராமல் போகாது என்று அப்பா முடித்தபோது சர்ச்சே குலுங்கிச் சிரித்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, மழைக்குப் பயந்து கட்டிலடியில் படுத்தது, மாம்பழம் என்று நினைத்து மெழுகு மாம்பழத்தைக் கடித்தது எல்லாமே தேவனுடைய வார்த்தையை விளக்கப் பயன்பட்டன. ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். “ஏலே எறும்பு, இந்த வாரம் என்ன செய்யப் போற?”

நான் வெட்கப்படுவது போல் நெளிவேன். உள்ளுக்குள், நம்மை விட்டால் அப்பாவுக்குப் பிழைப்பு இல்லை என்ற கர்வம். படிப்பில் ஒரு வரி ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு வேறு எதில்தான் பெருமை வரும்?

அண்ணன் அப்படி இல்லை. என்னைவிட ரொம்ப மூத்தவன், அதிகம் பேசாதவன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். ராஜபாளையத்தில் டியூஷன் என்று சாயங்காலம் போய்க்கொண்டிருந்தவன், பாதி நாள் போனது டியூஷனுக்கு இல்லை, தியேட்டருக்கு என்பது ரிசல்ட் வந்த பேப்பரில் அவன் நம்பர் இல்லாதபோது தெரிந்தது. அப்பா அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேமிப்பு.

அந்த ஞாயிறு அப்பா எடுத்தது இளைய குமாரனின் கதை. தகப்பனிடம் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பன்றித் தீவனத்துக்கு ஆசைப்பட்டுக் கிடந்தானே, அவன் கதை. “அந்தத் தூரதேசம் எங்க இருக்குன்னு நெனைக்கிய? நம்ம ராஜபாளையத்துலதான் இருக்கு. என் வீட்டுலேருந்தே ஒருத்தன் டிக்கெட் எடுத்து உள்ள போய் உக்காந்திருக்கான்” என்றார். சனங்கள் திரும்பி, கடைசி வரிசையில் தூணோரம் இருந்த அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. வீட்டில் இளைய குமாரன் நான் அல்லவா? முறைப்படி அந்த வேஷம் எனக்கு வந்திருக்க வேண்டும்.

தியேட்டர், டிக்கெட், இடைவேளை முறுக்கு என்று உதாரணம் நீண்டுபோனதில் அப்பா பன்றி வரைக்கும்தான் வந்தார். அதற்குள் நேரமாகிவிட்டது. மகன் திரும்பி வருவதும் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதுமான மிச்சத்தை இன்னொரு நாள் பார்ப்போம் என்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவனும் இல்லை, கொடியில் கிடந்த அவன் சட்டைகளும் இல்லை. வில்லிபுத்தூரில் மதுரை வண்டி ஏறியதை யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை.

அதற்கப்புறம் அப்பாவின் பிரசங்கத்திலிருந்து எங்கள் வீடு காணாமல் போனது. எறும்பு இல்லை, கட்டில் இல்லை, நான் இல்லை. இஸ்ரவேல் ராஜாக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். முன்வரிசைத் தாத்தாக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். காய்கறிக்கார அக்கா ஒருநாள் வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

“என்ன உபதேசியாரய்யா, சின்னவன் திருந்திட்டானா? அவன் கதையே வரக் காணோம்.”

அப்பா சிரித்தார். “அவன விடு தாயி” என்றார்.

என்னை ஏன் விட வேண்டும்? நான் என்ன குறை வைத்தேன்? என் சேட்டையின் தரம் இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். எறும்பு மாதிரிச் சில்லறை விஷயம் இனி எடுபடாது. வேதத்தில் இருப்பதையே நேராகச் செய்துகாட்டினால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது.

அம்மா வைத்திருந்த விதை அவரையை எடுத்துக்கொண்டு போய்ப் பாறை மேல் கொஞ்சம், முள்ளுக்குள் கொஞ்சம், வழியோரத்தில் கொஞ்சம் என்று விதைத்தேன். நல்ல நிலத்துக்கு வரும்போது விதை தீர்ந்துவிட்டது. எரிகிற அரிக்கேன் விளக்கை மரக்காலால் மூடிவைத்தேன்; சிம்னி வெடித்தது. அம்மா விளக்குமாற்றோடு துரத்தினாள். அப்பா உடைந்த கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, “கால்ல குத்திராம தள்ளிப் போலே” என்றதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ராஜாக்கள்.

இப்போதும் எந்த ஊர் சர்ச்சில் உட்கார்ந்திருந்தாலும், பிரசங்கம் செய்கிறவர் ‘ஒரு வீட்டில் ஒரு பையன்’ என்று ஆரம்பித்தால் என் காது நீண்டுகொள்கிறது. நானாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. ஒருநாளும் நானாக இருந்ததில்லை.

கடைசியில் பெரிய அஸ்திரத்தை எடுத்தேன். காணாமல் போன ஆட்டுக்குட்டி! மேய்ப்பன் மற்ற ஆடுகளையெல்லாம் விட்டுவிட்டுத் தேடிப்போய், தோளில் தூக்கிக்கொண்டு வருவானே, அது. கதைப்படி மலைப்பக்கம்தான் பொருத்தம். பிளவக்கல் போனால் பாறையும் முள்ளும் தாராளம். ஆனால் அங்கே யானை இறங்கும் என்று சொல்வார்கள்; ஆட்டுக்குட்டியை யானை மிதித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. பத்திரமாகக் காணாமல் போக வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுதான் சரி என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல அப்பா, சபையார் வீடுகளைச் சந்திக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். அண்ணன் போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் இது உண்டு. நான் டவுன் பஸ்ஸில் கூடையோடு ஏறிய ஒரு பெண்ணின் சேலையை ஒட்டி, அவள் மகன் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

காணாமல் போவது முதலில் சுகமாக இருந்தது. பால்கோவாக் கடைகளை வேடிக்கை பார்த்தேன். கோபுரத்தைப் பார்த்தேன். பொறவு பசித்தது. பொறவு, நான் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாதே என்பது உறைத்தது. மேய்ப்பனுக்கு வழி தெரிய வேண்டாமா? உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றவனைப் பழக்கடை பாய் கூப்பிட்டார்.

“ஏலே, நீ உபதேசியார் மகன்தான? அதே மூக்கு. எதுக்கு அழுத?”

“காணாமப் போயிட்டேன்.”

“சரியாப் போச்சு. இந்தப் பெட்டி மேல உக்காரு. மதுரை வண்டி வார நேரந்தான். உங்கப்பா இப்ப வந்துருவாரு.”

நான் காணாமல் போனது வீட்டுக்கே தெரியாது. அப்பா வருவார் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? தேவதூதர்கள் லுங்கி கட்டிக்கொண்டும் வருவார்களா? அவர் கொடுத்த வாழைப்பழத்தைப் பயபக்தியோடு உரித்தேன்.

பழம் தீர்வதற்குள் அப்பா வந்துவிட்டார். சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டு, நேரே மதுரை வண்டி நிற்கிற இடத்துக்குப் போனார். வண்டி வந்தது. இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் குனிந்தும் எட்டியும் பார்த்தார். ஐயோ பாவம், நான் பஸ்ஸில் வருவேன் என்று தேடுகிறாரே என்று நினைத்தேன். கடைசி ஆள் இறங்கிய பிறகும் படியில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பின்னால் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்து, “அப்பா!” என்றேன்.

சடக்கென்று திரும்பினார். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. கண் கீழே இறங்கி என் மேல் நின்றது.

“நீயா?” என்றார்.

வேறு எந்த ஆட்டுக்குட்டியை எதிர்பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. தோளில் தூக்குவார் என்று கையைக்கூட உயர்த்தியிருந்தேன். அவர் என்னைச் சைக்கிளில் முன்கம்பியில் ஏற்றிக்கொண்டார். ஊர் தாண்டியதும் கேட்டார்.

“எதுக்குலே இங்க வந்த?”

“காணாமப் போனேம்ப்பா.”

“அதான், எதுக்கு?”

“ஞாயித்துக்கிழமைக்கு.”

சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. கொஞ்ச தூரம் மிதித்தவர், கண்மாய்க் கரையில் நிறுத்திவிட்டார். செயின் கழன்றுவிட்டது என்றார். என்னை இறக்கிவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பிக் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன். செயின் அதன் பல்லில் கச்சிதமாக இருந்தது. “நல்லாத்தாம்ப்பா இருக்கு” என்றேன். “இரு, செத்த நேரம்” என்றார். குரல் சளி பிடித்தது போல இருந்தது.

மறுநாள் முதல் வரிசையில் எண்ணெய் தடவிய தலையோடு உட்கார்ந்திருந்தேன். பிரசங்கத்தில் ஆகாப் ராஜா வந்தான், யோசபாத் ராஜா வந்தான், நான் வரவில்லை. அம்மாவிடம் போய்ப் புலம்பினேன். “நான் காணாமப் போனத அப்பா சொல்லவே இல்லம்மா.” அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “நீ எப்படா காணாமப் போன?”

அடுத்த வருஷம் கோடை லீவில், ஒரு சாயங்காலம் அண்ணன் வந்து வாசலில் நின்றான். மீசை முளைத்திருந்தது. மதுரையில் சேர்ந்த வேலை பிடிக்காமல் சீக்கிரமே கேரளாவுக்குப் போய்விட்டானாம். தென்காசி வழியாக ராஜபாளையத்தில் வந்து இறங்கியிருக்கிறான். அன்றும் சனிக்கிழமை. அம்மா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள். “ஓடுலே, வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல அவிய நிப்பாக, கூட்டிட்டு வா!”

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். மதுரை வண்டியைப் பார்த்தபடி. நான் விஷயத்தைச் சொன்னதும், “எந்த வண்டியில வந்தான்?” என்றார்.

“தென்காசி வழியாப்பா. ராஜபாளையத்துல எறங்கி.”

பழக்கடை பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “உபதேசியாரே, இம்புட்டு நாளும் நீரு தப்பான ஸ்டாண்டுல நின்னுருக்கீரு!” பக்கத்துக் கடையில் ஒரு பால்கோவாப் பொட்டலம் வாங்கி வந்து என் கையில் திணித்தார். “பெரியவனுக்கு” என்றார், என் முகத்தைப் பார்த்து எச்சரிக்கையாக.

நான் கேரியரில். அப்பா மிதித்த மிதிக்கு அதே கண்மாய்க் கரையில் செயின் நிஜமாகவே கழன்றது. கரையிலிருந்து பார்த்தால் சர்ச் ஓடு தெரியும். அதன் முன்னால் குச்சி போல ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. அப்பா குனியவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். செருப்பு ஒன்று கழன்று வழியிலேயே கிடந்தது. வயலில் நின்றவர்கள் உபதேசியார் ஓடுவதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

செயின் மாட்டச் செத்த நேரம்கூட ஆகாது. மாட்டி மிதித்தால் ஓடுவதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரலாம். வேதமெல்லாம் படித்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஒரு கையில் பால்கோவாவும் இன்னொரு கையில் கிரீஸுமாக நான் கரையில் நின்றிருந்தேன்.