ஆறு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் ஊர்ப் பக்கம் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று முணுமுணுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்போம். இடி நம்மை விட்டுவிட வேண்டும், மழை மட்டும் இறங்கவேண்டும் என்பது வேண்டுதல். அறந்தாங்கிக்குத் தெற்கே மழை என்பது எப்போதோ வருகிற விருந்தாளி. அதற்காக இரண்டு இடியைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே மலாய் நாட்டில், பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அப்படியில்லை. மத்தியானச் சோறு செரிப்பதற்குள் இடி வந்துவிடும், வேலைக்குத் தவறாமல் வருகிற ஆள் மாதிரி. முதல் உறுமல் கேட்டதும் எங்கள் லயத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் ஆறு வீடுகளிலும் டக், டக் என்று ஒரே சத்தம். ப்ளக்கைப் பிடுங்குகிறார்கள். பக்கத்து வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்த வீட்டுக்குள்ளும் போய்ப் பிடுங்கிவிட்டு வருவார்கள். நான் வந்த புதிதில், குளித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஆள் நடமாட்டம் கேட்டு, திருடன் என்று நுரையோடு நின்று கத்தினேன். "ப்ளக்குதான்லா புடுங்கறேன், கத்தாதீங்க" என்று கடைசி வீட்டு மாரியம்மா அக்காவின் குரல் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பகாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காலைச் சமையல். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த புஷ்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே குடியிருந்தாலும், வருஷா வருஷம் பெர்மிட்டைப் புதுப்பித்துத்தான் இருக்கிறேன். அதனால் கவலைப்படுவது எனக்கு இரண்டாவது தொழில் மாதிரி. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பாட்டுக் கேசட்டுகள் கொண்டுவருவேன். புஷ்பாவின் அண்ணன் சேகர் எலக்ட்ரிக் வேலை தெரிந்தவர். என் வீட்டு ஆம்ப்ளிபயரிலிருந்து ஆறு வீட்டுக்கும் வயர் இழுத்து, வீட்டுக்கொரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டிவிட்டார். விடிந்தால் சாமி பாட்டு, உலை கொதிக்கும்போது பழைய சினிமாப் பாட்டு. கேசட்டைத் திருப்பிப் போட மறந்தால் மாரியம்மா அக்கா வாசலில் வந்து நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நிற்பார், அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டர் வாங்கிடலாம் மாப்ள" என்றார் சேகர் மச்சான். "ராத்திரிச் சந்தை பசார் மாலாம்ல விக்கிற சிடி எல்லாத்தையும் உள்ள ஏத்திட்டா அது பாட்டுக்குப் பாடும். நீங்க எந்திரிக்கவே வேணாம்." இப்படி ஒரு வீட்டில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்து மற்றவர்களுக்கு வேண்டியதைக் கொடுக்கிற கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயராம். எங்கள் ஊரில் அது இலை போட்டு சாம்பார் ஊற்றுகிறவரின் பெயர். பரவாயில்லை, வேலை ஒன்றுதான்.

பகாவில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் சீன முதலாளியிடம், இங்கே தவுக்கே என்பார்கள், இரண்டு இருந்தன. ஒன்று, ஏதோ ஆபீசில் உழைத்துக் களைத்த லேப்டாப். மற்றது, சின்ன டெஸ்க்டாப். பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி, தனியாக ஒரு திரை. லேப்டாப்புக்கு உள்ளேயே பேட்டரி இருப்பதால் இடிக்கு ப்ளக்கைப் பிடுங்கினாலும் உயிரோடிருக்கும் என்றார் மச்சான். ஆனால் கெட்டுப்போனால் அவரால் திறக்க முடியாது. டெஸ்க்டாப்பை நாலு திருகாணி கழற்றினால் திறந்துவிடலாம். திறக்க முடிகிற பெட்டிக்குள் பல்லியும் நுழையுமே, முட்டை போடுமே என்று நான் கேட்டேன். அப்படியானால் லேப்டாப் என்றார். அதைத் திருடன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவானே. அப்படியானால் டெஸ்க்டாப். கரண்ட் எவ்வளவு இழுக்கும்? ராத்திரி சூடேறித் தீப்பிடித்தால் ஆறு வீடும் பலகை வீடாயிற்றே? மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டு, புஷ்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

கடையில் லேப்டாப்பை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். தவுக்கே சந்தோஷமாக, "பாலேக் கம்போங், போலே பாவா" என்றார். ஊருக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுபோகலாம் என்று பொருள். மலாயில் யார் என்ன சொன்னாலும் "போலே, போலே" என்று, ஆகட்டும் ஆகட்டும் என்கிற மாதிரி, தலையாட்டுவது என் வழக்கம். பெர்மிட் புதுப்பிக்கப் போகிற இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். அன்றைக்கும் பல் தெரிய ஆட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போது புஷ்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், செம்பனை மரங்களை எண்ணுகிறவள் மாதிரி கடைசிவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் மீனை அலசிக்கொண்டே கேட்டாள். "அப்ப எப்ப கெளம்புறீங்க?"

எங்கே என்றேன்.

"சித்தப்பா ரேடியோவத் தூக்கிட்டுத்தான் போனாரு. திரும்பி வர்ற ஆளுக்கு ரேடியோ எதுக்குங்க?"

அவள் சித்தப்பாவும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். அவள் சின்னம்மாவைக் கட்டி, பத்துப் பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்துவிட்டு, ஊரைப் பார்த்து வருகிறேன், அப்படியே ரேடியோவையும் அங்கே ரிப்பேர் பார்த்து வருகிறேன் என்று போனவர். ரேடியோ இன்னும் ரிப்பேரில் இருக்கிறது. சின்னம்மா அது இருந்த இடத்தில் வேறு எதையும் வைப்பதில்லை. கொக்கிப் பின்னலில் போட்ட துணி மட்டும் விரித்திருக்கும், வாராவாரம் துவைத்து.

நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கடையில் தூக்கிப் பார்த்தபோது என் மனசில் ஓடியது, அலமாரி மேலிருக்கும் என் பழைய பயணப் பெட்டிக்குள் இது அடங்குமா என்பதுதான். ஊருக்குப் போய்வர ஒரு தோள்பை போதும்; கல்யாணத்துக்கு முன் கட்டிய கயிற்றோடு அந்தப் பெட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது. பிறகு, டெஸ்க்டாப்பே வாங்கிவிடலாம், கனமானது, ஓரிடத்தில் கிடக்கும் என்றேன். புஷ்பா மீனுக்கு மஞ்சள் தடவினாள்.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அண்ணனும் தங்கையும் பகாவுக்குப் போய் வாங்கிவந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசைமேல் லேப்டாப்! ஆறு வீட்டிலும் ஒரே பாட்டு ஓடுகிறது. அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும். இது என்னைப் போகச் சொல்கிற ஏற்பாடோ?

"ப்ளக்கப் புடுங்குங்க" என்றாள் புஷ்பா.

பிடுங்கினேன். திரை இருண்டது. ஆறு வீட்டிலும் பாட்டு நடுவில் அறுந்தது.

"பேட்டரி செத்துப் போச்சி. தவுக்கேகிட்ட நானே புடுங்கிக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன். செவத்த விட்டு நவராது" என்றாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"புது பேட்டரி ஒண்ணு போட்டா..." என்று மச்சான் ஆரம்பித்தார். தங்கை திரும்பிப் பார்த்தாள். "...கெடைக்காதாம் மாப்ள" என்று முடித்துக்கொண்டார்.

மாரியம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். ப்ளக்கைச் செருகினேன்.

இடிக்குத் தாங்கும் என்பதற்காக யோசித்த பொருள், இப்போது இடி வந்தால் முதலில் சாகிறது. மச்சான் ஒழுங்காக மூடிவிட்டுப் பிடுங்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கு அதிலும் ஒரு கவலை, எதையாவது தப்பாக அமுக்கி எல்லாப் பாட்டும் அழிந்துவிடுமோ என்று. நேற்றும் மத்தியானம் செம்பனைக் காட்டுக்கு மேல் உறுமியது. வரிசையாக டக், டக் என்று கேட்டது. புஷ்பா துணி எடுக்க ஓடினாள். லேப்டாப்பை மூடி, வயரைச் சுற்றி, கையில் எடுத்துக்கொண்டேன். என்ன லேசு! எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். போய்ச் சேருகிற இடத்தில் அதைச் செருக ஒரு சுவர் வேண்டும், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டது. மடியில் அதை வைத்துக்கொண்டு, பிடுங்கிய ப்ளக்கைக் கையில் பிடித்தபடி, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இடி ஓய்ந்ததும் அதே சுவரில் செருகுவதற்கு.