ரோலருக்கு முன்னால் உட்கார்ந்த மாதம்மா

1. மாடு நின்றது

ரோலர் ஓட்டுகிறவர் மாடுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏரியின் புதுக்கரை நடுவில், மாடுகளுக்கு ஒரு முழ தூரத்தில், மாதம்மா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி மாதம்மா, வேலை நடக்கணும்" என்றேன்.

"என்னை மிதிச்சுட்டு ஓட்டச் சொல்லுங்க மேஸ்திரி. இந்தக் கரை ஒடஞ்சா மொதல்ல போறது எங்க வூடுதாங்க. அப்ப சாவுறதுக்கு இப்பவே சாவுறேன்."

நான் அப்போது கடத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஏரியில் ஒர்க் மேஸ்திரி. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், சிமெண்டு கண்ணில்கூடப் படாது. முந்தின வருஷ மழையில் கரை உடைத்துக்கொண்டது. ஐப்பசி மழைக்குள் உடைப்பை அடைத்தாக வேண்டும். கரைக்கு நேர் கீழே ஏழெட்டு வீடுகள். அதில் முதல் வீடு மாதம்மாவுடையது.

இந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். உடைப்பில் களிமண்ணை நாலு விரல் கனத்துக்குப் பரப்பித் தண்ணீர் தெளிப்போம். பதினாறு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதிகாலால் மிதிப்பார்கள். மிதித்து முடித்தால் மண் முழுக்கக் குண்டும் குழியுமாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அதன் மேல்தான் அடுத்த அடுக்கு. மிதிக்கிற ஆட்களுக்கு மாதம்மா தலைமை. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். குதிகாலை அழுத்திப் பார்த்து அவள் "போதும்" என்றால்தான் அடுத்த கூடை மண் விழும்.

2. பளபளப்பு

எங்கள் ஓவர்சியருக்கு இந்த நிதானம் ஆகவில்லை. எங்கிருந்தோ ஒரு கல் ரோலரையும் இரண்டு ஜோடி மாடுகளையும் அனுப்பிவைத்தார். "இந்த ஜனங்க காலை நம்பிட்டு இருந்தா மழைதான்யா முந்தும். ரோலரை ஓட்டு, ஜல்தியா முடி" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் மூன்று அடுக்கு ஏறிவிட்டது. மேல்பரப்பு மெழுகிய தரை போல் பளபளத்தது. சாயங்காலம் மாதம்மா வந்து கையால் தடவிப் பார்த்தாள்.

"மேல வழவழன்னு இருக்குதுங்க. அடியில ஒண்ணோட ஒண்ணு புடிக்கலீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "மிதிக்க வந்தவ மிதிச்சோமா போனோமான்னு இரு. கரை கட்ட எனக்குத் தெரியும்" என்றேன். அத்தனை ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலைத் தூக்காமலே ஒரு ஆளை மிதித்துவிட முடியும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அவள் ரோலருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

3. ஒரு குடம் தண்ணீர்

"ஒரு கொடம் தண்ணி ஊத்திப் பாக்க வுடுங்க. நின்னுச்சுன்னா நானே எந்திரிச்சுப் போயிடறேனுங்க" என்றாள்.

அவள் மூக்கை உடைக்கலாம் என்றுதான் சம்மதித்தேன். கரையின் ஓரத்தில் கடப்பாரையால் ஒரு குழி போட்டு நானே தண்ணீரை ஊற்றினேன். வெளிப்பக்கம் இறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டு அடுக்கு சேருகிற இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஈரம் ஓடியது. அப்புறம் சொட்டியது.

அவள் என்னைக் கிண்டல் செய்திருக்கலாம். செய்யவில்லை.

"மண்ணு மேல தப்பில்லீங்க. ரோலர் தேச்சுத் தேச்சு தோலு மாதிரி ஆயிடுச்சு. தோலு மேல மண்ணு எப்படி ஒட்டும்? காலு பட்ட குழியிலதான் மேல்மண்ணு எறங்கிப் புடிக்கும்."

"நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாதம்மா" என்றேன்.

"அது கெடக்குதுங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மூணு அடுக்கையும் வெட்டி எடுக்கோணும், ஆளு பத்தாது."

ஓரத்தில் ஒரு துண்டுக் கரையை மட்டும் ஓவர்சியருக்குக் காட்ட விட்டுவைத்து, மற்றதை வெட்டி எடுத்தோம். நானும் வரிசையில் நின்று மிதித்தேன். அரை நாளில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. மேஸ்திரிக்கு நடக்கத் தெரியவில்லை என்று பெண்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் ஓவர்சியர் வந்தார். ரோலர் மரத்தடியில் கிடந்தது. "யாரைக் கேட்டுய்யா நிறுத்தின? உன் வேலை போயிடும், தெரியுமா?" என்று கத்தினார். விட்டுவைத்திருந்த துண்டில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அவரை வெளிப்பக்கம் கூட்டிப்போனேன். அது சொட்டுவதை அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, இதையும் வெட்டி எடுத்துட்டு மிதிங்க. ஆனா ரிப்போர்ட்டுல ரோலர்னே எழுது. மேல கேட்டா யாருய்யா பதில் சொல்றது?"

4. மழைக்கு அப்புறம்

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலிங்கு வழிந்தது. மழை விட்டு வெயில் வந்ததும், சரியாகச் சாப்பிடக்கூட மனமில்லாமல் ஓடினேன். கரைக்கு வெளிப்பக்கம் எங்கும் கசிவு இல்லை. மாதம்மா தன் வீட்டு வாசலில் கேழ்வரகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏரி ரொம்பிடுச்சு மாதம்மா, பாத்தியா?" என்றேன்.

"அப்படிங்களா? இங்க ஒண்ணும் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, கோழியை விரட்டப் போய்விட்டாள். அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கரை பார்த்தேன். எங்கே போனாலும் முதலில் மண்ணில் நிற்கிற ஆளைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அந்த ஏரியின் ரிப்போர்ட்டில் மட்டும் ரோலர் என்றுதான் என் கையெழுத்தில் இருக்கிறது. அது பொய். உடைப்பை அடைத்தது மாதம்மாவும் அவளோடு நின்ற பதினைந்து பேரும். கடைசி அடுக்குகளில் பதினேழாவது ஆளாக நானும் மிதித்தேன். என் உத்தியோகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அதுதான்.