புறங்கையால் சூடு பார்க்கிறவர்

எர்மினியோ ரோலோன் எந்தக் கணினியைத் திறந்தாலும் முதலில் மோந்துதான் பார்ப்பார். மூக்கைப் பெட்டிக்குள் விட்டு ஒரு மூச்சு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "பூனை," என்பார். இன்னொரு பெட்டிக்கு, "தலைக்குப் பூசற எண்ணெய்." சில சமயம் கொண்டுவந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சிகரெட்ட விட்டுட்டதா வீட்ல சொல்லிருக்கீங்களா? இதுகிட்டயும் சொல்லிடுங்க."

அசுன்சியோனில், நான்காம் சந்தைக்கு எதிரே இருக்கும் கடைவளாகத்தின் மாடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும் என்கிற அளவில் அவருக்கு ஒரு கடை. பதினெட்டு வருடமாக விளையாட்டுக் கணினிகளின் காய்ச்சலைப் பார்ப்பதுதான் தொழில். திரையில் ஓடுவதையெல்லாம் வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் கார்டு, வேலை மிஞ்சினால் கொதிக்கும். கொதி மிஞ்சினால் திரையை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்ததையெல்லாம் ஊர் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வரும்.

கார்டின் முதுகில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். "எழுபத்தி நாலு." திரையிலும் எழுபத்து நான்கு என்றே இருக்கும். அதற்காக அவர் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சவரத் தூரிகை இருக்கும்; விசிறிகளின் இறகு இறகாகத் தூசி தட்ட அதுதான். கார்டின் சூட்டை வெளியே கடத்தும் பசை காய்ந்துபோயிருந்தால் சுரண்டி எடுத்து, ஒரே ஒரு அரிசி அளவுக்குப் புதுப் பசை வைப்பார். இரண்டு அரிசி வைக்கிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

வாயில் கருணை இல்லை. கணினியைத் துணி அலமாரிக்குள் வைத்து விளையாடிய ஒருவரிடம், "இந்தப் போர்வையப் போத்திக்கிட்டு சந்தைய ஒரு சுத்து ஓடிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்," என்று நிஜமாகவே ஒரு கம்பளிப் போர்வையை எடுத்து நீட்டினார். அதற்கென்றே கடையில் அது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதுவரை இரண்டு பேர் போர்த்திப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர் வக்கீல்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது; 'தோன்' என்று மரியாதையாகவே கூப்பிட்டது. பொறுக்காதது ஒன்றுதான்: எர்மினியோ தெரெரேயைத் தனியாகக் குடிப்பார். மாட்டுக்கொம்புக் குவளையில் மாத்தே இலைத்தூளைப் போட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒரே குழலில் வட்டமாக உட்கார்ந்து முறை வைத்து உறிஞ்சுவதற்குத்தான் அந்தப் பானமே இருக்கிறது. நீட்டினால் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தர வேண்டும். மறுபடி உங்கள் முறை வரும். "நன்றி" என்று சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று பொருள். எர்மினியோ குவளை தன் பக்கம் வரும்போதே, கையைக்கூட நீட்டாமல், "நன்றி," என்பார். காரணம் கேட்டால், "ஜனங்க வீட்டுத் தூசியப் பாத்தவன் ஜனங்க குழல்ல வாய் வைக்க மாட்டான்."

ஒப்தூலியா அம்மாவின் பெட்டி முதல்முறை வந்தது அக்டோபர் கடைசியில். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெட்டியை ஒரு குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்திருந்தார். எர்மினியோ திறந்தார், மோந்தார். விசிறியில் வெண்மையாகப் பொடி படிந்திருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"மரவள்ளி மாவு. சீப்பா சுடற வீடு."

"ஆமா தோன் எர்மினியோ, ஞாயித்துக்கிழமையானா சுடுவேன்," என்றார் அம்மா, அசந்துபோய். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சீப்பா ரொட்டி சுடாத வீடு அந்த ஊரில் எங்கே இருக்கிறது?

"யாரு விளையாடறது? பையனா?"

"நான்தான்."

எர்மினியோ தூரிகையை நிறுத்தினார். அம்மா சொன்னார். பையன் பெயர் தெர்லிஸ். அவன் ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது, ஸ்பெயினில் மாலாகா என்ற ஊரில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை. இந்தக் கணினி அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலைநேரத்துக்கும் நடுவில் அவனுக்கு இரண்டு மணிநேரம் ஓய்வு. இங்கே அப்போது மதியம் இரண்டு மணி, ஊரே படுத்துத் தூங்கும் நேரம். இருவரும் ஒரு லாரி ஓட்டும் விளையாட்டில் சேர்ந்துகொள்வார்கள். அவன் லாரி முன்னால், அம்மாவின் லாரி பின்னால்.

"போன்ல பேசினா சாப்ட்டியா, சாப்ட்டேன், வெயிலா, வெயிலு. நாலு நிமிசத்துல முடிஞ்சுடும். லாரி ஓட்டறப்பதான் பேசறான். பெரிய சமையக்காரன் திட்டினது, கை சுட்டுக்கிட்டது, எல்லாம் அப்பதான் வாயில வருது. முக்கா மணி நேரத்துல இந்தப் பொட்டி அணைஞ்சுடுது. அவன் லாரிய ஓரங்கட்டிட்டு, நான் வருவேன்னு நின்னுக்கிட்டே இருக்கான்."

எர்மினியோ வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சுவரோடு ஒட்டி வைக்கிறீர்களா? இல்லை. மேலே ஏதாவது வைக்கிறீர்களா? "ஐயோ, அப்படியெல்லாம் இல்லவே இல்ல." அவர் மாவைத் தட்டி, பசை மாற்றி, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். கடையில் முப்பத்தெட்டு டிகிரி வெயில், கார்டில் எழுபத்திரண்டு. "சமையல்கட்டுக் கதவ மூடி வைங்க," என்று சொல்லி அனுப்பினார்.

பத்து நாளில் திரும்பி வந்தது. விசிறியை மாற்றினார். மறுபடி வந்தது. மின்னழுத்தத்தை ஒரு படி குறைத்து, சூடு கடத்தும் பட்டைகளையும் புதிதாகப் போட்டார். கடையில் ஓடினால் எழுபத்திரண்டு. அம்மா வீட்டில் தொண்ணூற்று நான்கு. எதிர்க்கடை வில்ஃபிரீதோ, கைப்பேசிகளுக்குக் கண்ணாடி மாற்றுகிறவர், நான்காவது முறை அம்மா மாடியேறி வந்தபோது கடைவளாகம் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார்: "தோன், உங்க பொண்ணு மறுபடியும் பொறந்த வீட்டுக்கு வந்துட்டா! மாப்ள வீட்ல என்னதான் கொடுமையோ!"

எர்மினியோ ஸ்டூலை இழுத்துப் போட்டார். அம்மா இந்தமுறை உட்காரவில்லை. "இந்த ஞாயித்துக்கிழமையும் நின்னுபோச்சுன்னா, அடுத்த வாரத்துலேருந்து அந்த ரெண்டு மணி நேரமும் வேலைக்கு வரேன்னு ஒத்துக்கப் போறானாம். விடும்மா, போன்ல பேசிக்கலாம்ங்கறான்," என்றார். அழவெல்லாம் இல்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

எர்மினியோ யார் வீட்டுக்கும் போவதில்லை. புதன்கிழமை மதியம் அம்மாவின் வீட்டுக்குப் போனார். தரை துடைத்த ஈரம் காயாமல் இருந்தது. பெட்டி பளபளவென்று மேஜைமேல் நின்றது. சுற்றிலும் காற்றுப் போக ஒரு சாண் இடம், மேலே ஒன்றும் இல்லை. மாவு பறக்க வழியில்லாதபடி சமையல்கட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு மணி நேரம் லாரியை ஓட்டவிட்டுப் புறங்கையை வைத்தார். எழுபத்து மூன்று. அம்மா தெரெரே நீட்டினார். "நன்றி," என்று எழுந்தார். "இங்க ஒரு குறையும் இல்லம்மா." அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் சட்டைப்பை லேசாக இருப்பது தெரிந்தது. தூரிகையை மேஜையிலேயே விட்டுவிட்டார். திரும்பி நடந்தார். கதவு திறந்தே கிடந்தது.

பெட்டியின்மேல் ஒரு விரிப்பு கிடந்தது. ஞாந்துத்தி. சிலந்தி வலைபோலச் சக்கரம் சக்கரமாகப் பின்னி, மொடமொடவென்று கஞ்சி போட்ட விரிப்பு, பெட்டியின் தலையை மூடி இரண்டு பக்கமும் தொங்கியது. கறை பிடிக்காமலிருக்க அதற்கடியில் ஒரு கண்ணாடித்தாள். அதன்மேல் தண்ணீர்க் குடுவை. பெட்டி மூச்சுவிடும் துளைகள் மொத்தமும் மேலேதான் இருந்தன.

எர்மினியோ கிட்டே போய் விரிப்பின் ஓரத்தைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். மரவள்ளி மாவு. விரிப்புக்குப் போட்ட கஞ்சியும் அதே மாவில்தான். சீப்பா என்று அவருடைய மூக்குதான் சொன்னது; வேறு யாரும் சொல்லவில்லை.

"மேல எதுவும் வைக்கறதில்லன்னீங்களே."

"எதுவும் வைக்கலையே," என்றார் அம்மா, அவர் பார்வை போன இடத்தைப் பார்த்து. "அது அதோட உடுப்பு. நீங்க பாக்க வரீங்கன்னுதான் கழட்டி வச்சேன். கடைக்குக் கொண்டாந்தா பஸ்ல அழுக்காயிடும்னு போடறதில்ல."

"விளையாடறப்ப?"

"அப்ப எடுத்தா எப்படி? கேமராவுல பாத்துட்டு, எங்கம்மா என் விரிப்புன்னு கேப்பானே. அவன் கொண்டுபோறதுக்குன்னு பின்னினது. துணிப்பெட்டியில எடம் இல்லன்னு வச்சுட்டுப் போயிட்டான்."

எர்மினியோவின் வாயில் போர்வை வந்து நின்றது. ஊர் அறிந்த விஷயம், அந்த வாய் நின்ற வரலாறு கிடையாது. அவர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மாசமாச்சு பின்ன?"

"ஏழு."

குடுவையை இறக்கி வைத்து, விரிப்பைத் தூக்கிப் பிடித்து, நான்கு விரலை மடக்காமல் பெட்டியின் தலைக்கும் விரிப்புக்கும் நடுவே வைத்து ஏதோ அளந்தார். கண்ணாடித்தாளை மட்டும் உருவி மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, தூரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அவர் கடையில் ஒரு பழைய மேஜை விசிறியின் கம்பிக்கூடு பிரிந்து கிடந்தது. அதை வளைத்து, நான்கு கால் வைத்து, காலுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தோன், பொட்டிக்குப் பந்தல் போடறீங்களா?" என்றார் வில்ஃபிரீதோ. "அந்த அம்மாவுக்குப் போர்வையக் குடுத்தீங்களா இல்லையா?"

"உன் கடையில கண்ணாடி ஒடஞ்சிருக்கு பாரு."

"எது?"

"எல்லாம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு, தன் தூக்கத்தை விட்டுவிட்டு, அவர் ஒப்தூலியா அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கம்பிப் பந்தலின்மேல் விரிப்பு நான்கு விரல் உயரத்தில் விரிந்திருந்தது. தண்ணீர்க் குடுவை தரைக்கு இறங்கியிருந்தது. திரையில் மழையில் நனைந்த நெடுஞ்சாலை. முன்னால் ஒரு நீல லாரி.

பதினைந்து நிமிடம். அரை மணி. தெர்லிஸ் புது அடுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம் தாண்டியபோது அம்மாவின் குரல் மெலிந்தது, மேஜையில் பூட்டியிருந்த விளையாட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எர்மினியோ விரிப்பின்மேல் புறங்கையை நீட்டினார். சக்கரச் சக்கரமான துளைகள் வழியே வெதுவெதுப்பாகக் காற்று ஏறிவந்தது. முக்கால் மணி. கை அங்கேயே இருந்தது.

ஒரு மணி நேரம் ஆனபோது ஒலிபெருக்கியில் கேட்டது: "அம்மா? என்ன பேச்சையே காணோம்? இருக்கியா?"

"இருக்கேன்டா. உன் பின்னாடிதான் வந்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப லாரிய நிறுத்த வேணாமா?"

"நிறுத்தாத. நீ போயிக்கிட்டே இரு."

அம்மா கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், ஒற்றைக் கையால் தரையிலிருந்த குடுவையை எடுத்துக் கொம்புக் குவளையை நிரப்பி, தான் ஒரு முறை உறிஞ்சிவிட்டு, மறுபடி நிரப்பிப் பக்கத்தில் நீட்டினார். மறுப்பார் என்பது நினைவில்லாமல், பழக்கத்தில் நீட்டியது.

எர்மினியோ விரிப்பின்மேலிருந்த கையை எடுத்து அதை வாங்கினார். கடகடவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினார். குழலைத் துடைக்கவில்லை. குவளையைத் திருப்பி நீட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார்.